எந்தப் பக்கத்துச் சக்கரம்

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை முற்பகல், புறவழிச் சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில், ஓடும்போது உறுமல் சத்தம் போட்ட வெள்ளைக் கார் ஒன்றின் முன் வலது சக்கரத்துப் பேரிங் கழற்றப்பட்டுப் புதியது பொருத்தப்பட்டது. இடது பக்கத்தை யாரும் தொடவில்லை.

அடுத்த வாரம் அதே கார் அதே சத்தத்தோடு அதே பட்டறைக்குத் திரும்பி வந்தது.

போன முறை டிரைவர் மட்டும் வந்திருந்தார். இந்த முறை பின் இருக்கையில் காரின் சொந்தக்காரரும் இருந்தார். அவர் டிரைவருடைய மனைவியின் அண்ணன். டிரைவர் அவரை மச்சான் என்பார். அவர் டிரைவரை மாப்ள என்பார். சம்பளம் கொடுக்கிறவர், வாங்குகிறவர் என்பது அந்த இரண்டு சொற்களுக்குள் மறைந்து கிடந்தது.

மச்சான் இறங்கினார். கதவைச் சாத்தவில்லை.

"போன வாரம் ஒரு சத்தத்தைச் சரி பண்ணி அனுப்புனீங்களே, அது எங்க போச்சு?"

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். "போகலையா?"

"போச்சு. போய், சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டுத் திரும்பி வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை நானே ஓட்டிப் பார்த்தேன். அறுபதைத் தாண்டினா பிளேன் ஏறுற மாதிரி இருக்கு."

"எந்தப் பக்கம்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வண்டி முழுக்க கேக்குது. இன்னொரு பட்டறையில விசாரிச்சேன். பேரிங்னா ஜோடியாத்தான் மாத்தணுமாம். ஒரு பக்கம் மட்டும் மாத்துறவன் மெக்கானிக்கே இல்லைன்னான். ஏங்க, செருப்பு வாங்கினா ஒத்தைக் காலுக்கா வாங்குவீங்க?"

"செருப்பு ரெண்டும் சேர்ந்து தேயும். இது அப்படி இல்லண்ணே. பிரேக்னா ரெண்டு பக்கமும் மாத்தச் சொல்லியிருப்பேன். பேரிங்ல கெட்டது எதுவோ அதை மாத்தினா போதும். ஒரு பல்லு சொத்தைன்னா பக்கத்துப் பல்லையும் சேர்த்துப் பிடுங்கச் சொல்லுவீங்களா?"

"அப்ப சொத்தைப் பல்லைப் பிடுங்கலையா நீங்க?"

மெக்கானிக் டிரைவரைப் பார்த்தார். "வலது பக்கம்னு அண்ணன்தான் சொன்னாரு."

"மாப்ள தினமும் ஓட்டுறவரு. அவர் காதுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடப் போகுது?"

டிரைவர் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய இடது காது ஒன்றரை வருடமாகக் கேட்கவில்லை. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு, ஒரு காலையில் தொலைபேசியை அந்தக் காதில் வைத்தார். எதிர்முனையில் யாரும் பேசவில்லை என்று நினைத்து வைத்துவிட்டார். மறுபடியும் மணி அடித்தபோது வலது காதில் வைத்தார். யாரோ திட்டிக்கொண்டிருந்தார்கள். மனைவிக்கு மட்டும் தெரியும். காரில் ஏறினால் அவள் பின்னால், வலது ஜன்னலை ஒட்டித்தான் உட்காருவாள். மச்சானிடம் சொல்லவில்லை. மச்சானுடைய மனைவியின் தம்பி ஒருவன் லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் சும்மா இருந்தான். தினமும் மாலை ஆறு மணிக்கு, மலைமேல் இருக்கும் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து இறங்கும் நான்கு பெண்களை வீடு சேர்ப்பதுதான் அந்தக் காரின் முக்கியமான வேலை. அதற்கு ஒரு காது செத்த டிரைவரை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்த மாதம் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். டாக்டர் பரிசோதிப்பார்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துடலாம்," என்றார் மெக்கானிக். "அண்ணனே ஓட்டட்டும். நான் பக்கத்துல உக்காந்து கேக்குறேன்."

மச்சானுக்கு ஒரு அழைப்பு வந்தது. போய் வாருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, பட்டறை வாசலில் கிடந்த பழைய கார் சீட்டில் உட்கார்ந்தார்.

புறவழிச் சாலை அந்த நேரத்தில் காலியாக இருந்தது. வேகம் கூடியதும் தரைக்கு அடியிலிருந்து உறுமல் கிளம்பியது. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"லேசா ரைட்ல வெட்டுங்க."

கார் நேராகவே போனது.

"ரைட்ல வெட்டுங்கண்ணே." இப்போது கையையும் காட்டினார். டிரைவர் வெட்டினார். உறுமல் பெரிதானது. இடப் பக்கம் திருப்பியபோது அடங்கியது. வலப் பக்கம் திரும்பினால் பாரம் இடது சக்கரத்தில் இறங்கும். மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் அப்படியே.

மெக்கானிக் டிரைவரின் முகத்தைப் பக்கவாட்டில் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாதாரணக் குரலில் சொன்னார்: "அண்ணே, பின்னாடி டயர் தீப்பிடிச்சிருக்கு."

டிரைவர் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் அவர் தோளைத் தொட்டார். டிரைவர் தலையை முழுதாகத் திருப்பினார். "என்ன சொன்னீங்க?"

"ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினார். இஞ்சினை அணைத்ததும் காருக்குள் அமைதி அதிகமாக இருந்தது. தன் வலது காது மெக்கானிக் பக்கம் வரும்படி டிரைவர் உடம்பைத் திருப்பி உட்கார்ந்தார். அந்தத் திருப்பலிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது என்பது இரண்டு பேருக்கும் புரிந்தது.

"எவ்வளவு நாளா?"

"ஒன்றரை வருஷம்."

"சுத்தமாவே கேக்கலையா?"

"சுத்தமா."

"லெஃப்ட்ல பைக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டு உள்ள நுழைஞ்சா?"

"கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே இருப்பேன். இது வரைக்கும் ஒரு கீறல் இல்ல."

மெக்கானிக் முன் கண்ணாடியைப் பார்த்தபடி பேசினார். பிறகு நினைவு வந்து, டிரைவர் பக்கம் முகத்தைத் திருப்பி மறுபடி சொன்னார். "போன வாரம் கழட்டினதைக் கையில வச்சு சுத்திப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி சுத்துச்சு. அப்பவே சந்தேகம். தினம் ஓட்டுறவரு சொல்றாரேன்னு விட்டுட்டேன். நான் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கணும். அந்தத் தப்பு என்னுது."

"மச்சான்கிட்ட ஜோடியா மாத்தணும்னு சொல்லிடுங்க. அவரே அதைத்தான் சொல்றாரு. நீங்க ஆமான்னு தலையாட்டினா முடிஞ்சது."

"தலையாட்டினா நான் யாரு? போன வாரம் வேண்டாம்னவன் இந்த வாரம் வேணும்ங்கிறேன். ஒண்ணு வேலை தெரியாதவன், இல்ல தலையில கட்டுறவன். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

டிரைவர் ஸ்டியரிங்கின் தையலை நகத்தால் நெருடினார். "லைசென்ஸ் வாங்கற வரைக்கும்தான்."

"டாக்டர் செக் பண்ண மாட்டாரா?"

"வாயைப் பார்த்தே பதில் சொல்லிடுவேன்."

"முதுகுப் பக்கம் நின்னு பேசுவாருண்ணே."

ஒரு லாரி கடந்தது. கார் ஆடி நின்றது.

"உங்க காதைப் பத்தி நான் வாய் திறக்க மாட்டேன்," என்றார் மெக்கானிக். "அது உங்க வீட்டு விஷயம். ஆனா ஜோடின்னு என் வாயில வராது. போகலாம்."

பட்டறைக்குத் திரும்பியதும் காரை லிஃப்டில் ஏற்றினார்கள். மெக்கானிக் இடது முன் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். லேசாக ஆடியது. டக், டக் என்று ஒரு சத்தம். வலது சக்கரம் அசையவில்லை.

"இதான். இடது பக்கம். இது ஒண்ணைத்தான் மாத்தணும். சாயந்தரம் ஆயிடும். அது வரைக்கும் வண்டி ரோட்டுல போகக் கூடாது."

மச்சான் எழுந்து வந்தார். "போன வாரம் வலது. இந்த வாரம் இடது. அடுத்த வாரம் டிக்கியா?"

"இப்ப ஓட்டிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

"போன வாரம் எதைப் பார்த்துட்டுச் சொன்னீங்க? என் காதுல பூ சுத்தாதீங்க. வலதை மாத்தினீங்க, இடது கெட்டுப்போச்சு. அந்தப் பட்டறைக்காரன் சொன்னது சரிதான். ஜோடியா மாத்தியிருந்தா இந்த வம்பே இல்ல. நாளைக்கு அவன்கிட்டயே விட்டு ரெண்டையும் மாத்திக்கிறேன்."

"நாளைக்கு மாத்துங்க, வேண்டாங்கல. இன்னைக்கு மலை இறங்கக் கூடாது. சக்கரம் ஆடுது, பாருங்க."

"உங்க வீட்டு வண்டிச் சக்கரத்தைப் பிடிச்சு ஆட்டினாலும் ஆடும். மாப்ள, இறக்கச் சொல்லுங்க. ஆறு மணி டிரிப்புக்குப் போகணும்."

மெக்கானிக் லிஃப்டின் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றார். அழுத்தவில்லை. டிரைவரைப் பார்க்கவும் இல்லை. துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கையை மறுபடி துடைத்தார். பட்டறையில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.

டிரைவர் தலைக்கு மேல் தொங்கிய சக்கரத்தைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கவே தேவையில்லை. மச்சான் தானாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, பழியை மெக்கானிக் தலையில் வைத்துவிட்டார். நாளைக்கு இரண்டு பக்கமும் மாறும். சத்தம் போகும். எந்தப் பக்கம் கெட்டிருந்தது என்று அதன் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். இன்றைக்கு மட்டும் மெதுவாக இறங்கினால் போதும். மலையில் பதினோரு வளைவுகள். வலப் பக்கம் திரும்புகிற ஒவ்வொன்றிலும் பாரம் முழுவதும் அந்தச் சக்கரத்தின் மேல். பின்னால் மூன்று பெண்கள், முன்னால் ஒருத்தி.

"என்ன மாப்ள, நான் சொல்றது கேக்குதா?"

"கேக்குது மச்சான். வண்டி இன்னைக்குப் போக வேண்டாம்."

"நீங்களுமா அவன் பேச்சை நம்புறீங்க?"

"அவர் சொல்றது சரி. தப்பா சொன்னது நான்."

"தெரியாமச் சொல்லியிருப்பீங்க. அதனால என்ன. இப்ப..."

"தெரியாம இல்ல." டிரைவர் குரலை உயர்த்தாததால், கம்ப்ரசர் சத்தத்தில் மச்சான் ஒரு எட்டு கிட்டே வர வேண்டியிருந்தது. "எனக்கு எல்லாமே வலது பக்கம்தான் கேக்கும். இடது காது போயிடுச்சு. எந்தச் சத்தம் எங்க இருந்து வந்தாலும் வலதுன்னுதான் சொல்லுவேன்."

மச்சான் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் கம்ப்ரசரை அணைக்கப் போய்விட்டார்.

"எப்ப இருந்து?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மழைக்காலத்துல."

"அதுக்கப்புறம் என் பசங்களை ஸ்கூல்ல விட்டிருக்கீங்க."

"விட்டிருக்கேன்."

"என் தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சரி." மச்சான் அண்ணாந்து காரின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். "வண்டிச் சொந்தக்காரனைத் தவிர எல்லாருக்கும் தெரியும்." பிறகு கையை நீட்டினார். டிரைவர் சாவியை அதில் வைத்தார்.

தொழிற்சாலைக்கு மச்சானே அழைத்து, இன்று வேறு வண்டி வரும் என்றார். வைத்துவிட்டு மெக்கானிக்கிடம் கேட்டார்: "ஒண்ணு மாத்தினா போதுமா?"

"போதும்."

"மத்தது?"

"அது போன வாரம் போட்டது. புதுசு."

இடது பேரிங் அன்று மாலை மாற்றப்பட்டது. கழற்றியதில் உருளைகள் பள்ளம் விழுந்து, கிரீஸ் கறுத்துப்போயிருந்தது. மச்சான் அதைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வண்டியை அவரே வீட்டுக்கு ஓட்டிப் போனார். டிரைவர் பஸ்ஸில் போனார்.

ஏப்ரலில் நடந்த மருத்துவப் பரிசோதனையில், சொந்த வாகனம் ஓட்டும் உரிமம் டிரைவருக்குப் புதுப்பிக்கப்பட்டது. பயணிகளை ஏற்றி ஓட்டும் அனுமதி மறுக்கப்பட்டது. இப்போது ஒரு பார்சல் கிடங்கில் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலையில் இருக்கிறார். ஆறு மணி டிரிப்பை மச்சானுடைய மனைவியின் தம்பி ஓட்டுகிறான்.