சம்மதமா என்று கேட்கிற வேலை

அன்றைக்குப் பதினேழாவது ஆளாக அந்த அக்கா வந்து உட்கார்ந்தபோது எனக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. காலையிலிருந்து ஒரே கேள்வியைப் பதினாறு பேரிடம் கேட்டு முடித்திருந்தேன். தூதரகத்தில் பத்திரங்களுக்குச் சான்று கொடுக்கிற அறையில் எனக்கு வேலை. சொத்து ஊரில் கிடக்கும், ஆள் இங்கே உழைத்துக்கொண்டிருப்பார். ஊரில் இருக்கிற அப்பாவுக்கோ மச்சானுக்கோ பவர் எழுதிக் கொடுக்க வருவார்கள். ஆபீசர் கண்ணெதிரில்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஆபீசருக்குத் தமிழில் வணக்கம் தவிர வேறு எதுவும் தெரியாது. ஆகவே நம் ஆட்கள் வந்தால் அவருக்கு வாயும் காதும் நான்தான்.

“இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா? யாராவது கட்டாயப்படுத்தினாங்களா? முழுச் சம்மதத்தோடதான போடறீங்க?”

இதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. ஆமா சார். சிலர் நான் கேட்டு முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிடுவார்கள். சிலர் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். “கல்யாணத்துலகூட என்னை யாரும் இப்படிக் கேக்கல சார்” என்று ஒருத்தர் சொல்லி, பின்னால் நின்ற அவருடைய மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பதினோரு வருஷமாக நான் அந்த ஆமாவை இந்தப் பக்கத்திலிருந்து எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். கேள்வி முடிவதற்குள் ஆபீசர் பேனா மூடியைத் திறந்துவிடுவார். அவரையும் குறை சொல்ல முடியாது, மனுஷனுக்கு முதுகுவலி.

அந்த அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கலாம். வேலையாட்கள் தங்குகிற விடுதி ஒன்றில் சமையல். சாட்சிக்குக் கூட வந்த இரண்டு பையன்களும் அவரை “மெஸ் அக்கா” என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். விரல் நுனிகளில் மஞ்சள் ஏறிக் கிடந்தது. ரேகை எடுக்கும்போது மை சரியாகப் பதியவில்லை என்று இரண்டு தரம் துடைத்துவிட்டு வைத்தேன். பத்திரத்தைப் புரட்டினேன். அப்பா அம்மா விட்டுப்போன வீடு, அதில் இவருடைய பாதிப் பங்கு. அதை விற்கவோ, தன் பெயருக்கே எழுதிக்கொள்ளவோ அண்ணனுக்கு முழு அதிகாரம். இந்த மாதிரிப் பத்திரம் மாசத்துக்குக் குறைந்தது நாற்பது பார்ப்பேன். டைப் அடிக்கிறவர்கள் ஆள் பெயரை மட்டும் மாற்றி அடித்திருப்பார்கள்.

கேட்டேன்.

“சம்மதம் இல்ல சார்” என்றார் அக்கா.

குழம்பில் உப்புப் போதவில்லை என்று சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். “அந்த வீட்டுல பின்பக்க ரூம் நான் போட்டது. இங்க கை கால் ஓஞ்சதும் போய் அதுலதான் படுக்கணும்னு நினைச்சுக்கிட்டே இத்தனை வருஷம் ஓட்டிட்டேன். இப்பப் போட மாட்டேன்னா அண்ணன் ஜென்மத்துக்கும் மூஞ்சில முழிக்காதங்கறாரு. ஊர்ல எனக்குன்னு இருக்கறது அவரு ஒருத்தருதான். நீங்க ஆமான்னே போட்டுக்கோங்க சார்.”

பின்னால் நின்ற பையன்கள் தரையைப் பார்த்தார்கள். ஆபீசர் பேனாவைத் தூக்கியபடி என்னைப் பார்த்தார். ஒரு ஆமாவுக்கு இவ்வளவு நீளமா என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

ஒப்புக்கொள்கிறார் சார் என்று சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். பதினெட்டாவது ஆளைக் கூப்பிட்டிருப்பேன். எங்கள் வீட்டுப் பத்திரத்தில் என் தங்கச்சி தன் பங்கை எனக்கு விட்டுக் கையெழுத்துப் போட்டபோது அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. போட்டுவிட்டு எழுந்தவள், காபி சாப்பிடறியாண்ணா என்றாள், நானும் சாப்பிட்டேன். அது இப்போது ஞாபகம் வந்து தொலைத்தது. கொஞ்சம் வீராப்பும் இருந்தது என்றே சொல்ல வேண்டும். ஒரு நாளாவது ஒருத்தர் சொன்னதைச் சொன்னபடி சொல்வோமே என்று இருந்தது. அக்கா சொன்ன அத்தனையையும், பின்பக்க ரூம் உட்பட, ஒரு வார்த்தை விடாமல் ஆபீசரிடம் சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார். பத்திரத்தை அக்கா பக்கமாகத் தள்ளி வைத்தார். கோபமெல்லாம் இல்லை, மரியாதையாகத்தான் வைத்தார்.

“என்ன சார், என்ன சொல்றாரு?”

“சம்மதம் இல்லாம வாங்க முடியாதாம்க்கா.”

அக்கா என் முகத்தையே பார்த்தார்.

“அவர்கிட்ட ஏன் சார் சொன்னீங்க? நான் உங்ககிட்டதான சொன்னேன்.”

பதினோரு வருஷத்தில் ஆபீசருக்கென்று இல்லாமல் எனக்கென்று ஒருத்தர் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் சொன்னபோது அது எனக்குத் தெரியவில்லை. நான் பாட்டுக்கு அதையும் எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டேன். இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கிறேன் சார் என்று ஆபீசரிடம் கெஞ்சினேன். இன்று முடியாது, இல்லை என்று சொன்னதை என் காதால் கேட்டுவிட்டேனே என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அடுத்த தேதி கிடைப்பது மூன்று வாரம் கழித்துத்தான். அண்ணன் இன்றைக்கே கூரியரில் போடச் சொல்லியிருக்கிறாராம். அக்கா பத்திரத்தை மடிக்காமல் அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். சேலையில் விரல் மையைத் துடைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, துடைக்கவில்லை.

மத்தியானம் கவுண்டரை மூடிவிட்டுச் சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்தேன். காத்திருக்கிற கூடத்தில் அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தார். பையன்கள் ஷிப்டுக்குப் போய்விட்டார்கள் போல. மன்னிச்சிருங்கக்கா என்று ஆரம்பிப்பதா, நீங்க செஞ்சதுதான் சரி என்று ஆரம்பிப்பதா என்று தெரியாமல் நின்றேன். இரண்டுமே என்னைக் காப்பாற்றிக்கொள்கிற பேச்சாகத்தான் பட்டது. அதற்குள் அவர் மடியில் போன் அடித்தது. அடிக்க விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். நின்றது. மறுபடியும் அடித்தது. எடுத்தார்.

“சொல்லுங்கண்ணா,” என்றார், என்னைப் பார்த்தபடியே. “இல்லண்ணா, இன்னும் கூப்பிடல. ரொம்பக் கூட்டமா இருக்கு.”

அவரைச் சுற்றி நாற்பது நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.