குட்டைக் கை வேட்டைக்காரன்

எங்கள் ஊர் டைனோசரிடம் மேயர் எவரிஸ்தோவுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான்: அதன் கை.

மற்றதெல்லாம் அவருக்குச் சம்மதம். எட்டு மீட்டர் நீளம். கண்களுக்கு மேலே காளைக்கு இருப்பதுபோல் தடித்த இரண்டு கொம்புகள். மாமிசம் தின்னும் விலங்குக்குக் கொம்பு எதற்கு என்று படித்தவர்கள் இன்னும் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். முண்டும் முடிச்சுமான அதன் தோல்கூடக் கல்லில் அச்சாகப் பதிந்து கிடைத்திருக்கிறது. அர்ஜென்டினாவின் தெற்கே இந்தப் பதகோனியாவில் எத்தனை ஊருக்கு இந்தக் கொடுப்பினை? ஆனால் கை? தோளிலிருந்து ஒரு சிறு எலும்பு, அதற்குக் கீழே கை என்று ஒப்புக்கு ஒரு துண்டு, அதில் நான்கு விரல்கள். மடக்கவும் முடியாது, பிடிக்கவும் முடியாது.

பக்கத்து ஊர் லோமா பெலாதாவில் கிடைத்தது கழுத்து நீண்ட ராட்சதன். அவர்கள் அதற்குச் சாலையோரத்தில் சிலை வைத்த நாளிலிருந்து எங்கள் மேயருக்குத் தூக்கம் போயிற்று. ஊரின் ஆண்டு விழாவுக்குள் எங்கள் விலங்குக்கும் சதுக்கத்தில் சிலை என்று அறிவித்தார். சிற்பி உபால்தோவை வரவழைத்தார்.

உபால்தோ சாதாரண ஆளில்லை. மாகாணத்தில் பாதி ஊர்ச் சதுக்கங்களில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் விடுதலை வீரர் இவர் கைவண்ணம்தான். எல்லாச் சிலையிலும் வீரர் வலக்கையை நீட்டி ஆண்டீஸ் மலையைக் காட்டுவார், இடக்கையில் கடிவாளம் பிடித்திருப்பார். "கை மட்டும் கொஞ்சம் கம்பீரமா இருக்கட்டும்" என்று மேயர் சொன்னதும் உபால்தோவுக்குக் குழப்பமே வரவில்லை. கம்பீரமான கை அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். மாதம் திரும்புவதற்குள் எங்கள் டைனோசர் எழுந்து நின்று, வலக்கையை நீட்டி, ஒற்றை விரலால் ஆண்டீஸைக் காட்டியது. இடக்கை கடிவாளம் பிடித்த பாவனையில் மடங்கியிருந்தது. குதிரை ஒன்றுதான் குறை.

இதைப் பார்த்துவிட்டு நேலிதா நேராக நகராட்சிக்குப் போனாள். நேலிதா மேயரின் அக்கா. டைனோசரின் எலும்புகளை வைத்திருக்கும் எலும்புக்கூடத்துக்குப் பொறுப்பாளியும் அவள்தான். ஆட்டைத் தேடிப் போனபோது அதன் மண்டையோட்டில் கால் இடறி விழுந்து கண்டுபிடித்தவளும் அவளே. ஊரே "மேயர் ஐயா" என்றாலும் அவளுக்கு அவன் தீத்தோதான்.

"டேய் தீத்தோ, அது என்னடா போக்குவரத்துப் போலீஸ் மாதிரி நிக்குது?"

"அக்கா, ஆபீஸ்ல மேயர்னு கூப்பிடு."

"கைய எடுக்கச் சொல்லு, கூப்பிடுறேன். ஆண்டு விழாவுக்குத் தலைநகர் மியூசியத்து எலும்பு ஆராய்ச்சி டாக்டர் மெர்லோ வர்றாங்க. மண்டையோடு இங்க இருக்கணுமா, அவங்க மியூசியத்துக்குப் போகணுமான்னு அன்னிக்குத்தான் முடிவு. எலும்பு சொல்றதக் கேக்காத ஊருல எலும்ப விட்டு வைக்க மாட்டோம்னு அந்தம்மா மொதல்லயே சொல்லியாச்சு. உன் சிலையப் பாத்தா மறுவார்த்தை பேசாம லாரியில ஏத்திடுவாங்க."

"கவர்னர் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கப்போறாரு. கையில்லாத ஜந்து பக்கத்துல நின்னா ஊருக்கு என்ன மரியாதை?"

"கை நீளமானவங்க நம்ம ஊரு நகராட்சியில போதுமான அளவு இருக்காங்கடா. சதுக்கத்துலயும் எதுக்கு?"

மேயர் மசியவில்லை. விழாப் பேச்சை ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. 'எதிர்காலத்தைச் சுட்டும் இந்த நீண்ட கரம்' என்பது அதில் நான்கு இடத்தில் வந்தது. எழுதிய பேச்சுக்காக வரலாற்றை மாற்றும் முதல் மேயர் அவரில்லையே.

விழா நாளும் வந்தது. வழக்கம்போல ஆடுகளை முழுசாகச் சிலுவைக் கம்பியில் விரித்துக் கட்டி, நெருப்போரம் நட்டுச் சுட்டோம். டாக்டர் மெர்லோ கையில் ஆட்டு விலா எலும்போடு சதுக்கத்தைப் பார்த்தார். தார்ப்பாய் போர்த்திய சிலையிலிருந்து கூடாரக் கழிபோல ஏதோ துருத்திக்கொண்டிருந்தது.

"அது என்னங்க, கொடிக்கம்பமா?"

"சர்ப்ரைஸ்ங்க டாக்டர்" என்றார் மேயர்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஊர் தூங்கப் போயிற்று. மதியத் தூக்க நேரத்தில் எங்கள் ஊரில் நாய்கூடக் குரைக்காது. ஆலங்கட்டி விழுந்தாலும் மெதுவாக விழ வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் நாங்கள். அந்த நேரத்தில்தான் நேலிதா உபால்தோவை எலும்புக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள்.

"நான் பாத்துட்டேன்மா, போட்டோ குடுத்தாங்க" என்றார் அவர்.

"விடுதலை வீரரையும் போட்டோல பாத்துத்தானே செஞ்சீங்க? இதையாச்சும் தொட்டுப் பாருங்க."

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, தோளில் பொருந்தும் கை எலும்பை அவர் கையில் வைத்தாள். அதன் முனை பந்துபோல உருண்டையாக இருந்தது. உபால்தோ அதைத் தோள் குழியில் வைத்துச் சுழற்றினார். எல்லாப் பக்கமும் சுழன்றது.

"இது சும்மா ஒட்டிக்கிட்டிருந்த கையில்லையே. ஆட்டியிருக்கு போல."

"பொண்ணு பாக்கறப்ப ஆட்டியிருக்கலாம்னு சொல்றாங்க. வேட்டைக்கு அதுக்குக் கை எதுக்கு? வால் கொழுப்பில்ல, அத்தனையும் சதை. ஓடறப்ப தொடையப் பின்னால இழுத்தது அதுதான். அந்த வேகத்துல தலையக் குடுத்து மோதினா எதிர்ல நிக்கிறவன் கதி என்ன? கையே வேணாம்னு ராஜாவா வாழ்ந்த ஜீவன்யா இது. அதுக்குப் போய் நீங்க பிச்சை போடற மாதிரி கை வச்சிருக்கீங்க."

உபால்தோ எலும்பைத் திருப்பிக் கொடுத்தார். தோலின் அச்சு பதிந்த கல்லருகே வெகுநேரம் நின்றார். விரலால் ஒவ்வொரு முடிச்சையும் தடவினார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

கொஞ்ச நேரத்தில் ஊர் இதுவரை கேட்டிராத ஒரு பாவச் சத்தம் கேட்டது. தூக்க நேரத்தில் கட்டிங் மெஷின்! ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. "எவன்டா அவன் பாவி!" என்று பேக்கரிக்காரர் கத்தினார். மேயர் கோடு போட்ட பைஜாமாவோடு சதுக்கத்துக்கு ஓடி வந்தபோது ஆண்டீஸைக் காட்டிய கை புழுதியில் கிடந்தது. இப்போது அது வானத்தைக் காட்டியது. தோளோடு விட்டுவைத்த துண்டில் உபால்தோ உளியால் விரல் கொத்திக்கொண்டிருந்தார்.

"என் பேச்சு!" என்றார் மேயர்.

"நாலு வரி அடிச்சுக்கங்க. நான் ரெண்டு கைய அடிச்சுட்டேன்."

ஐந்து மணிக்குப் பேண்டு முழங்கியது. தார்ப்பாய் விலகியது. மேயர் தாளைப் பிரித்தார். 'எதிர்காலத்தைச் சுட்டும் இந்த' வரைக்கும் வந்தார். நிமிர்ந்து சிலையைப் பார்த்தார். காற்று தாளைப் பறிக்கப் பார்த்தது. அதற்கிருந்த விவேகம்கூட அவருக்கு அதுவரை இருந்ததில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"இதான் நம்ம ஊரு மிருகம்" என்றார். "கை சின்னதுதான்."

எங்கள் ஊர் கேட்டதிலேயே நல்ல பேச்சு அது. கை தட்டினோம்.

விருந்தாளியாக வந்திருந்த லோமா பெலாதா மேயருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னம்மா நேலிதா, இங்கேர்ந்து பாத்தா கையே தெரியலையே!"

"உங்களோடத பஸ்ஸுக்குள்ள உக்காந்தே பாத்துட்டுப் போயிடலாம்யா. எங்களோடதுக்குக் கீழ எறங்கிக் கிட்ட வரணும். வாங்க."

டாக்டர் மெர்லோ முன்னமே கிட்டப் போயிருந்தார். ஏணியில் ஏறி, சிமெண்ட் தூசியை ஊதிவிட்டு, விரல்களை எண்ணினார். நான்கு. மடங்காத முழங்கையைத் தட்டிப் பார்த்தார். தோளின் முடிச்சுகளைத் தடவினார். அவை கல்லில் இருந்தபடியே வரிசை தப்பாமல் இருந்தன. "யாருங்க செஞ்சது?" என்று கேட்டார். உபால்தோ உடம்பெல்லாம் வெள்ளைத் தூசியோடு கை தூக்கினார்.

ஏணியில் நின்றபடியே டாக்டர் சொன்னார்: "மண்டையோடு இங்கயே இருக்கட்டும். லாரிய வெறுமனே அனுப்பிடறேன்."

நேலிதா இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கூடத்தைத் திறந்தாள். பேண்டுக்காரர்கள், பேக்கரிக்காரர், கவர்னரின் டிரைவர் எல்லாரும் பின்னால் போனோம். திறப்பு விழாவில் நாடா வெட்டியதோடு சரி, மேயர் ஒரு தடவைகூட உள்ளே போய் மண்டையோட்டைப் பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. வரிசையில் முதல் ஆளாக நின்றவர், கொம்புகளுக்கு முன்னால் வந்ததும், தன்னை அறியாமல் தொப்பியைக் கழற்றினார்.

"அக்கா, இதுவா நம்ம மேய்ச்சல் நெலத்துல கெடந்துச்சு?"

"ஆமாண்டா. நகரு, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."