மந்திரி வந்தாச்சா

தம்பியின் வலது கை சொல்லாமல் கொள்ளாமல் மேலே எழும். எழுந்தால் பக்கத்தில் இருப்பவர் கன்னத்தில் படும், இல்லையென்றால் தண்ணீர்க் குவளையைத் தட்டிவிடும். அதனால் அது கிளம்பும்போதே பிடித்து அவன் மடியில் அமுக்கி வைக்க நான் பழகியிருந்தேன். பார்க்காமலே பிடித்துவிடுவேன். அன்று காலையும் சிறப்புக் குழந்தைகளுக்கான பயிற்சி மையத்து வராந்தாவில் அவனைப் பெல்ட் நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்துக்குப் பக்கத்தில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தபோது கை எழுந்தது. பிடித்து அமுக்கினேன். அவன் ஒன்றும் செய்யவில்லை. பாதி மூடிய கண்ணால் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தான்.

அந்தப் பார்வையால்தான் அவனுக்கு மந்திரி என்று பெயர் வந்தது. ஐந்து வயதாகியும் பேச்சில்லை, நடையில்லை. பக்கத்துக் கல்லூரியிலிருந்து உதவிக்கு வரும் மாணவர்களில் நெட்டச்சி என்று எல்லோரும் கூப்பிடும் உயரமான பெண்தான் அந்தப் பெயரை வைத்தாள். "பெல்ட்டு போட்டு நிமிந்து உக்காந்துருக்காரு. மனு குடுத்தா வாங்கிக்குவாரு. பதில் மட்டும் வராது. மந்திரியேதான்" என்றாள். மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

அந்தப் பெஞ்சுதான் என் இடம். அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் காலை ஷிஃப்ட். ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை நிறுத்தியது தம்பியைப் பார்த்துக்கொள்ள. மாணவர்கள் வந்ததும் பைகளை என் பெஞ்சுக்குப் பக்கத்தில் குவித்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடுவார்கள். ஒரு பையின் ஜிப் எப்போதும் திறந்தே கிடக்கும். உள்ளே புத்தகங்களின் ஓரம் தெரியும். நான் கதவிலிருந்த கண்ணாடிச் சதுரம் வழியாகத் தம்பியைப் பார்ப்பேன். கொஞ்சம் அந்தப் பையையும் பார்ப்பேன்.

போன வாரம் மையத்தை நடத்தும் பெரிய டீச்சர் அம்மாவை வரச்சொல்லியிருந்தார். கடுமையாகப் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "குரூப்புல இருக்குற குழந்தை ஏதாவது திருப்பிக் காட்டணும்மா. ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல், எதுவா இருந்தாலும் சரி. இடத்துக்கு நிறைய பேர் காத்துக்கிட்டிருக்காங்க. மாசக் கடைசியில நானே வந்து உக்காந்து பாக்குறேன். முடியலன்னா வீட்டுல செய்யிற பயிற்சி சொல்லித்தர்றேன்." அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "விடு. ஏற்கனவே மந்திரி. இன்னும் என்ன, ராஜாவாவா ஆகப்போறான்" என்றாள்.

உள்ளே காலை வேலை எப்போதும் ஒரு பாட்டோடு தொடங்கும். குழந்தைகள் வட்டமாக உட்காருவார்கள். மாணவர்கள் ஒவ்வொரு பெயராகப் பாடுவார்கள், "முயல்குட்டி வந்தாச்சா?" என்று. நெட்டச்சி முட்டிபோட்டுச் சின்ன மேளத்தை அந்தக் குழந்தையின் முன் நீட்டுவாள். குழந்தை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். வந்தாச்சு என்று அர்த்தம். ராக்கெட் என்கிற பையன் இரண்டு கையாலும் வெளுத்துவாங்குவான். முயல்குட்டி ஒரு விரலால் தொட்டுவிட்டு முகத்தை மூடிக்கொள்வாள். தம்பியின் முறை வந்தால் பாட்டு ஒரு மூச்சு நிற்கும். பிறகு யாராவது அவன் கையைப் பிடித்து மேளத்தில் தட்டவைத்து, "சூப்பர் மந்திரி" என்பார்கள். மேளம் முயல்குட்டியிடம் போய்விடும்.

அன்று தம்பியின் பெயரைப் பாடி முடித்த நேரத்தில் ராக்கெட் கிளம்பிவிட்டான். யாருடைய தண்ணீர்ப் பாட்டிலையோ தூக்கிக்கொண்டு, மூடியைத் திறந்து ஊற்றிக்கொண்டே அறையைச் சுற்றி ஓடினான். மாணவர்கள் எல்லோரும் அவன் பின்னால். ஒருவன் வழுக்கி உட்கார்ந்தான். நெட்டச்சி மட்டும் முட்டிபோட்ட இடத்திலேயே, மேளத்தை நீட்டியபடி, தலையைத் திருப்பி அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேளத்தை எடுக்க மறந்துவிட்டாள்.

தம்பியின் கை எழுந்தது.

என் கை தானாகப் போய்க் கண்ணாடியில் மோதியது. அமுக்க முடியாத தூரத்தில் இருந்தேன். அந்தக் கை முழுதாகப் புறப்பட்டு நான் பார்த்ததே இல்லை, அதற்குள் பிடித்துவிடுவேனே. விரல்கள் மடங்கின, பிரிந்தன. கை ஒரு பக்கமாக விலகிப் போனது. நின்றது. விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தைக் கொண்டுவருகிறவர்போல நடுங்கிக்கொண்டே திரும்பி வந்தது. மேளத்தின் ஓரத்தைத் தாண்டியது, திருத்திக்கொண்டது, நடுவில் விழுந்தது.

டம்.

நெட்டச்சி திரும்பினாள். "யாரு அடிச்சது?"

அறையில் அவளைத் தவிர மாணவர்கள் எல்லோரும் ராக்கெட்டிடம் இருந்தார்கள். தம்பியின் மேலுதட்டில் வியர்வை பொடித்திருந்தது. வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே போயிருந்தது.

வகுப்பு முடிந்ததும் அவள் என்னிடம் வந்தாள். "உன் தம்பி அடிச்சான்ப்பா. நீ பாத்தியா?"

"அது சும்மா தூக்கிப்போடும்ங்க."

"என்ன 'ங்க'? உனக்கும் எனக்கும் ஒரே வயசுதான் இருக்கும். எப்ப தூக்கிப்போடும்?"

"எப்பவும்."

"எப்பவும்னா? எதுக்கப்புறம்?"

எதுக்கு அப்புறம் என்று நாங்கள் யாரும் கேட்டுப்பார்த்ததே இல்லை.

சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்து, கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்திருந்தாள். நான் தம்பிக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதியில், "போதுமா?" என்று கேட்டேன். தினமும் கேட்பதுதான். பதில் வராது, அடுத்த வாய் ஊட்டுவேன், கொஞ்ச நேரத்தில் கை எழுந்து கிண்ணத்தைத் தள்ளப் பார்க்கும், நான் அமுக்குவேன், அம்மா, "சேட்டையப் பாரு" என்பாள். இன்று கரண்டியைக் கீழே வைத்தேன். என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஆறிப்போகுது. ஊட்டுடி."

"இரும்மா."

குழாய் சொட்டியது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் முடிந்து இன்னொன்று வந்தது. மறந்திருப்பான் என்று நினைத்தேன். அப்போது கை புறப்பட்டது. ஆடி, விலகி, திரும்பி, கிண்ணத்தின் விளிம்பில் வந்து நின்றது. தட்டிவிடவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, அப்பால் தள்ளியது.

அம்மா எழுந்து வந்து அவன் முன்னால் உட்கார்ந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவனிடம், யாரோ பெரியவரிடம் அனுமதி கேட்பதுபோல, "எங்கிட்ட வர்றியா?" என்றாள்.

காத்திருந்தோம். குழாய்ச் சத்தம் மட்டும். கை வந்தது. அவள் கழுத்து அட்டையைத் தொட்டது, நழுவவிட்டது, மறுபடி தேடிப் பிடித்துக்கொண்டது. அம்மா அசையவில்லை. அழுத மாதிரியும் தெரியவில்லை. பெரிய மலையை முதல்முறை பார்ப்பவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. நாங்கள் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அடுத்த ஊருக்கே போய்விடுகிறோம். இவன் பாட்டுக்கு ஒவ்வொரு பதிலையும் தூக்கிக்கொண்டு வந்துகொண்டே இருந்திருக்கிறான், ஐந்து வருடமாக, ஒருநாள்கூடச் சலித்துக்கொள்ளாமல். நான் இதுவரை அமுக்கிய கைகளை எல்லாம் நினைத்தேன். எண்ண முடியவில்லை.

மாசக் கடைசியில் பெரிய டீச்சர் சுவரோரம் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நெட்டச்சி கதவைத் திறந்து, "நீ உள்ள வா. மந்திரி பின்னால உக்காரு" என்றாள்.

"நான் காலேஜ் இல்லையே."

"தம்பி பின்னால உக்கார காலேஜ் எதுக்கு? வா."

செருப்பைக் கழற்றினேன். தரை குளிர்ந்திருந்தது.

நெட்டச்சி எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். "யாரும் அவன் கையப் பிடிக்கக் கூடாது. யாரும் சூப்பர் சொல்லக் கூடாது. பாடுறோம், நிறுத்துறோம், இருக்கோம். அவ்வளவுதான்."

"எவ்வளவு நேரம்மா?" என்றார் பெரிய டீச்சர்.

"அது தெரியாது மேடம். மந்திரின்னா லேட்டாத்தானே வருவாரு."

பெரிய டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் கைக்கடிகாரத்தை மறைத்துச் சுடிதாரின் நீளக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பாட்டு தொடங்கியது. ராக்கெட் வெளுத்துவாங்கினான். அடுத்து, "மந்திரி வந்தாச்சா?" என்று பாடி நிறுத்தினார்கள். நெட்டச்சி முட்டிபோட்டு மேளத்தை நீட்டினாள். நான் என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டேன். மின்விசிறி கிறீச்சிட்டது. ஒரு மாணவனுக்கு விக்கல் வந்தது, மூச்சை அடக்கினான். நெட்டச்சியின் கை வலியில் லேசாக நடுங்கத் தொடங்கியது, மேளத்தை அவள் இறக்கவில்லை. பெரிய டீச்சரின் முக்காலி ஒருமுறை முனகியது. ராக்கெட் எழுந்தான். எல்லோரும் பயந்தோம். அவன் ஓடவில்லை. வந்து மேளத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தம்பியின் கையையே பார்த்தான். அடுத்த முறைக்குரிய முயல்குட்டி ஒரு விரலை நீட்டித் தயாராக இருந்தாள். அதை மெதுவாக மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

தம்பியின் தோள் முதலில் அசைந்தது. பின்னால் இருந்ததால் அதை நான்தான் பார்த்தேன். பிறகு முழங்கை. ஜன்னல் வெயில் அவன் மேல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. கை மடியைவிட்டு எழுந்தது, விலகியது, நின்றது. வெள்ளைத் தோல் போர்த்திய மேளத்தின் நடுவில், விரல்கள் விரிந்த ஒரு சின்ன நிழல் அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்து, அவனுக்காகக் காத்திருந்தது.