ஹோல்டனா, ஃபோர்டா

1.

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. நான் சொன்ன பதில் ஒரே ஒரு சொல். நான்கு மாதமாக அதைச் சுற்றியே எழுதுகிறேன், அடிக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும். என் கணவன் நெவிலின் தம்பி கிளைவ் அன்றைக்குத்தான் போர்ட் அகஸ்டாவில் அந்தக் கேள்வியைக் கேட்ட கடைக்காரரைப் பார்க்கப் போகிறான்.

முதல் தொடக்கம்: ‘தனாமி பாலைவனச் சாலையில் கேரவனின் இடது சக்கரம்

வேண்டாம். அங்கே தொடங்கினால் நெவில் சீக்கிரம் இறந்துவிடுவான்.

2.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் இறங்கி, காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீடான கேரவனின் சக்கரங்களின் நடுவைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். கை சுட்டால் உள்ளே பேரிங் போகப்போகிறது என்று பொருள். நெவில் இருக்கையிலிருந்தே கேட்பான்.

“நாலு பேர்ல யாருக்குக் காய்ச்சல், டாக்டரம்மா?”

“அஞ்சாவது ஆளுக்குத்தான். மாத்திரை போட்டியா?”

(இதய நோயை இங்கே சொல்லலாமா? சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தான். இந்தப் பயணம் போகலாம் என்றது அவன். சரி என்றது நான்.)

மாற்றுப் பேரிங்குகளை அவனே வாங்குவான். கிரீஸைப் பிதுங்கப் பிதுங்க அடைத்து, தூசி புகாமல் பையில் கட்டி, ஐஸ்கிரீம் டப்பாவில் வைப்பான். இந்த முறை குனியக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வாங்கியதும் நான், கட்டியதும் நான். “வழக்கமானதுன்னு கேளு” என்று மட்டும் சொல்லி அனுப்பினான்.

3.

“ஹோல்டனா, ஃபோர்டா?” என்றார் கடைக்காரர்.

நெவிலின் வீட்டார் மூன்று தலைமுறையாக ஃபோர்டு வண்டிக்காரர்கள். கிளைவின் கல்யாணத்துக்குப் போட்டிக் காரான ஹோல்டனில் வந்த சித்தப்பாவைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வரச் சொன்னார்கள்.

“ஃபோர்டுதான். இன்னொன்ன எங்க வாசல்லயே நிறுத்த விடமாட்டோம்” என்றேன்.*

அவர் சிரித்தார். “காரைக் கேக்கலைங்க. பழைய பேரிங் ஒண்ணு கையில இருந்தா காட்டுங்களேன்.”

“எனக்குத் தெரியும், குடுங்க.”

[கிளைவுக்குப் படிக்கக் கொடுத்த பிரதியில் கடைசி இரண்டு வரிகள் இல்லை. அதில் நான் “ஹோல்டன்” என்று தெளிவாகக் கேட்கிறேன். அவர் கவனிக்காமல் மாற்றிக் கொடுக்கிறார்.]

* ஆஸ்திரேலியாவில் கேரவன் பேரிங்கில் இரண்டு அளவுகள் பரவலாக உண்டு. அந்தக் கார்களின் பெயரால்தான் அழைப்பார்கள். இழுக்கும் வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் கேரவனில் இருந்தது ஹோல்டன். அந்தப் பெயரை வாயால் சொல்லக் கூசித்தான் நெவில் ‘வழக்கமானது’ என்றிருக்கிறான். எனக்கு இது நடுவழியில்தான் தெரிந்தது.

4.

அலையலையாகக் கிடந்த செம்மண் சாலையில் இரண்டாம் நாள், சக்கரம் புகைந்தது. நெவில் டப்பாவைத் திறந்து, பேரிங்கை அச்சில் வைத்துப் பார்த்தான். உட்காரவில்லை.

“லோர்னா, இது நம்மளுது இல்லியே.” அதைத் திரும்ப டப்பாவில் போட்டான். “நான் பேரச் சொல்லி அனுப்பிருக்கணும்.”

“நீ என்ன பண்ணுவ? கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்.”

அவன் மனம் நோகக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். (இந்த வாக்கியத்தை நான் நம்பவில்லை. ஆனால் பொய் என்று அடிக்கவும் முடியவில்லை.) சாட்டிலைட் போனில் கிளைவிடம் நெவில் அந்தக் கடைக்காரரை ஆசைதீரத் திட்டினான். திட்டத் திட்ட முகம் தெளிந்தது.

சரியான பேரிங் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து மறுநாள் வருவதாக ஏற்பாடு. மறுநாள் மதியம், கேரவன் நிழலில் நாற்காலி போட்டு, “செத்த கண்ண மூடறேன்” என்றான். பேரிங் மூன்று மணிக்கு வந்தது. அவன் அதற்கு முன்பே போய்விட்டான்.

5.

“நீங்களும் வரணும் அண்ணி” என்கிறான் கிளைவ். “அந்தாளு மூஞ்சியப் பாத்து நீங்களே கேக்கணும். அப்புறம் ஊர்ல ஒருத்தன் அந்தக் கடை வாசப்படி மிதிக்கமாட்டான், நான் பாத்துக்கறேன்.”

ஒரு முடிவு: கிளைவிடம் உண்மையைச் சொல்கிறேன். அண்ணனைக் கொன்றவள் நான்தான் என்று அவன்

இதற்கு மேல் எழுத வரவில்லை.

இன்னொரு முடிவு: கடைக்காரருக்கு அன்று நடந்தது நினைவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, “என் தப்பாத்தாம்மா இருக்கும், மன்னிச்சுடுங்க” என்கிறார். இதை நான்கு முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் நன்றாக வருகிறது. இந்தக் கதையில் சிரமப்படாமல் எழுதிய பகுதி இது ஒன்றுதான். அதனால்தான் பயமாக இருக்கிறது.

இன்று வெள்ளி. வாசலில் கிளைவ் ஹாரன் அடிக்கிறான். கடைக்கு அரைமணி நேரப் பயணம். நான் செருப்பை மாட்டிவிட்டேன். மிச்சத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். கதவைச் சாத்தி பெல்ட்டைப் போட்டதும் நான் அவனிடம்