பாயசக் குண்டானில் நீர்மூழ்கிக் கப்பல்

உளுந்தூர்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்கக் கச்சிராயபாளையம் வந்தவர்கள், தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. சம்பந்தம் பிடிக்கும்வரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. நனைத்துவிட்டால் பெண் கொடுக்கச் சம்மதம் என்று அர்த்தம். விஜயலட்சுமி சுட்ட வடை தாம்பாளத்தில் ஆறிக்கொண்டிருந்தது. அவள் மகன் தீனதயாளனுக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

போன மாதம் பெண் பார்த்தபோதே தனுஷாவை அவனுக்குப் பிடித்துவிட்டது. அவள் அப்பா பொன்னுரங்கத்துக்குத்தான் மாப்பிள்ளையின் வேலைமேல் சந்தேகம். விசாகப்பட்டினத்தில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் அவன் குழாய் வெல்டர். அணுசக்தி நீர்மூழ்கி கட்டினால்தான் அந்த வேலை நிலைக்கும்.

"பைபாஸ் ரோடு வருதுன்னாங்க, ரெண்டு டிப்பர் லாரி எடுத்தேன். ரோடு வரல. டிப்பருல கோழி முட்ட வச்சிக்கினு இருக்குது. உன் கப்பலாவது வருமா தம்பி?" என்றார் பொன்னுரங்கம்.

'அடுத்த வருஷமே வரும்னு சொல்லு' என்று விஜயலட்சுமி சமையலறையிலிருந்து ஜாடை காட்டினாள். தீனதயாளனால் எதையும் விளக்காமல் சொல்ல முடியாது.

"உங்க லாரிக்கு ஏர் ஃபில்டர் அடச்சிக்கினா இன்னா ஆவும் மாமா?"

"தெணறி நின்னுடும்."

"டீசல் நீர்மூழ்கியும் அப்படித்தாங்க. தண்ணிக்கடியில காத்து ஏது? பேட்டரில ஓடும். சார்ஜ் கம்மியானா மேல வந்து, மூக்க நீட்டி, எஞ்சின ஓட்டி ஏத்திக்கணும். அப்பதான் எதிரி கண்ணுல மாட்டும்." பாயசக் குண்டானை இழுத்து நடுவில் வைத்தான். "இதான் கப்பல்னு வச்சிக்குங்க. அணு உலைக்குக் காத்தே வேணாம். அணு பொளந்தா சூடு, சூட்டுல நீராவி, நீராவி டர்பைன சுத்தும், கப்பல் போவும். மாசக்கணக்கா உள்ளயே இருக்கலாம்."

"அப்புறம் இன்னா கஷ்டம்?"

தீனதயாளன் ஒரு வடையை எடுத்து அவர் கையில் வைத்தான். "இதான் உலை, புடிங்க. கரையில பெரிசா கட்டறத இந்தக் குண்டானுக்குள்ள அடக்கணும். கதிர்வீச்சு கசியக் கூடாது, சத்தம் வரக் கூடாது, ஆழத்துல தண்ணி அமுக்கறப்ப இரும்பு நசுங்கக் கூடாது. பெரிய ஏவுகணை வுடற வகை நம்மகிட்ட இருக்குது. எதிரிக் கப்பல தொரத்தற வகையில ரெண்டு கட்டத்தான் அரசாங்கம் ஒத்துக்கினு இருக்குது. மொதலாவது வரவே பத்து வருஷத்துக்கு மேல ஆவும் மாமா."

விஜயலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

பொன்னுரங்கம் யோசனையில் ஆழ்ந்தார். "மாசக்கணக்கா உள்ளயே இருக்கறவன், எதுக்குத்தான் மேல வருவான்?"

"சாப்பாடு தீந்தா வருவாங்க."

"அணுவப் பொளந்தாலும் சோத்துக்கு மேல வந்துதான் ஆவணும்!" சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்தச் சிரிப்பிலேயே பாதி உலை வாய்க்குள் போய்விட்டது.

"ஐயையோ, கை நனைச்சிட்டீங்களே!" என்றாள் அவர் மனைவி ரங்கம்மாள்.

பொன்னுரங்கம் மெல்லுவதை நிறுத்தினார். "இது வெளக்கறதுக்குக் குடுத்தது. கணக்குல வராது."

"அப்ப துப்புங்க."

"மொறுமொறுன்னு இருக்குதுடி." மீதி உலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பத்து வருஷமும் வெல்டிங் இருக்குமா?"

"அதுக்கு மேலயும் இருக்கும் மாமா. ரெண்டாவது கப்பல் இருக்குதே."

"ரோடு போடறவன் ஆறே மாசம்னான். லேட்டாவும்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னவன் நீ ஒருத்தன்தான்." வாயிலிருந்ததை விழுங்கினார். "அந்தக் கப்பல இப்படித் தள்ளுங்க, மாப்ள."