கவாத்துக்கு முன்னால்

மல்லிக்குக் கவாத்து என்றால் கத்தரியை எடுத்தோம், நறுக்கினோம் என்றில்லை. பதினைந்து நாள் தண்ணீர் காட்டாமல் போட வேண்டும். பிறகு ஆடுகளை உள்ளே விட்டு இலையெல்லாம் மேயவைக்க வேண்டும். குச்சி மட்டும் நின்றால்தான் எதை வெட்டுவது, எதை விடுவது என்று கண்ணுக்குப் புலப்படும். முழங்கால் உயரத்துக்கு வெட்டி விட்டால் பங்குனியில் பூ கொட்டும். சோழபுரம் வேலுத்தாய்க்கு இது தெரியாதா என்ன? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த அரை ஏக்கரிலேதான் கிடக்கிறாள்.

தெரிந்தவள்தான் ஆசைப்பட்டுக் கெட்டாள். கார்த்திகை முகூர்த்தத்துக்குக் கடைசி மொட்டையும் ஸ்ரீவில்லிபுத்தூர் மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட நினைத்து, புழுவுக்கு மருந்து அடித்தாள். அடித்த மூன்றாம் நாள், பத்து நாள் கழித்து வர வேண்டிய ஆட்டுக்காரி சீனியம்மாள் பதினெட்டு ஆடுகளோடு வரப்பில் வந்து நின்றாள்.

"ஏட்டி வேலு, நாளைக்கு வ. புதுப்பட்டிப் பக்கம் போறேன். இன்னைக்கு விட்டாத்தான் உண்டு. விடட்டுமா?"

ஆடு போய்விட்டால் இலையைக் கையால் உருவ ஆளுக்கு எங்கே போவது? நேற்றுத் தூறல் விழுந்ததே, மருந்தெல்லாம் கழுவிக்கொண்டு போயிருக்கும் என்று வேலுத்தாய் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"விடுங்க மதினி."

உச்சி வெயிலுக்குள் முதல் கிடா வாயில் நுரை தள்ளி விழுந்தது. அதன் பின்னால் இரண்டு, மூன்று. சீனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு இங்கும் அங்கும் ஓடினாள். புருஷன் செத்த பிறகு அவளுக்கென்று இருந்தது இந்த ஆடுகள்தான்.

போன் பண்ணியதும் ராஜபாளையத்திலிருந்து கால்நடை டாக்டர் பைக்கில் வந்து சேர்ந்தார். "செடிக்கு மருந்து ஏதும் அடிச்சீங்களா? சொன்னாத்தான் அதுக்கேத்த ஊசி போட முடியும்."

வேலுத்தாய்க்கு முந்திச் சீனியம்மாள் சொன்னாள்: "அவ அடிக்கல டாக்டரய்யா. அடிச்சிருந்தா என்னைய உள்ள விடுவாளா?"

பாவி, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே! திறக்கவில்லை. வழியில் ஆட்டுக்கு விஷமான இளஞ்சோளத்தைக் கடித்திருக்கும் என்று டாக்டர் அதற்கு வைத்தியம் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. அரை மணி நேரத்தில் பதினொரு ஆடுகள் விறைத்துப் போயின. பன்னிரண்டாவது ஒரு சினை ஆடு. அது காலை உதைத்துக்கொண்டு கிடந்ததைக் காணச் சகிக்காமல் வேலுத்தாய் மோட்டார் ரூமுக்கு ஓடினாள், மருந்து பாட்டிலைக் கொண்டுவந்து டாக்டர் கையில் கொடுத்தாள்.

டாக்டர் வேறு ஊசியை எடுத்தார். நான்கு ஆடுகள் மட்டும் எழுந்து நின்றன.

சீனியம்மாள் மண்ணை வாரித் தூற்றியிருந்தால் வேலுத்தாய் காலில் விழுந்திருப்பாள். அவளோ ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. டாக்டரிடம் மட்டும் கேட்டாள்.

"நீங்க வந்ததுமே இதைக் குடுத்திருந்தா எம்புட்டு பொழைச்சிருக்கும்யா?"

டாக்டர் பெட்டியை மூடினார்.

"முக்கால்வாசி பொழைச்சிருக்கும்மா."