ரீகேன்ட் என்றொரு சொல்

அட்டைப்பெட்டி ஆலையில் வெட்டு மெஷின் ஓட்டிய சின்னவளுக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. பக்கத்து மெஷினில் நின்ற பெரியவள் அவளுக்கு ஓரகத்தி. இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் பெரியவள் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தாள்.

"வேகமா ஓடணும்னு பிளேடு மூடியைக் கழட்டச் சொன்னது மேனேஜர்தான். என் காதால கேட்டேன்."

மறுநாள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, ஆங்கிலத்தில் அடித்த தாளொன்றை நீட்டினார். "சும்மா, வாபஸ் வாங்கறதா ஒரு வரி. கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

"வீட்ல காட்டிட்டு வரேன் சார்."

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு படித்த சின்னவள், 'ஐ ரீகேன்ட்' என்ற இடத்தில் நின்றாள். பிடிபடவில்லை. இடது கையால் தட்டுத்தடுமாறி போனில் அகராதியைத் திறந்தாள்.

"வாபஸுக்கு வித்ட்ரானு சாதாரண வார்த்தை இருக்குக்கா. இது வேற. ஊரறியச் சொன்னதை, தப்புன்னு ஊரறிய ஒத்துக்கறது. மிரட்டலுக்குப் பயந்து சொல்றவங்களுக்குத்தான் பெரும்பாலும் இந்த வார்த்தை வருமாம்."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அன்றுவரை சின்னவள் வாயில் 'அக்கா' வந்ததில்லை. பெரியவள் அதைக் கவனித்தும் காட்டிக்கொள்ளவில்லை.

"அப்போ நான் புளுகினேன்னு நானே எழுதிக் குடுக்கணும்."

"லத்தீன்ல ரீ-ன்னா திரும்ப, கேன்டாரே-ன்னா பாடறது. அதுலேர்ந்து வந்த வார்த்தையாம்."

"பின்பாட்டுப் பாடச் சொல்றான்னு சொல்லு" என்று பெரியவள் சிரித்தாள்.

சின்னவள் சிரிக்கவில்லை. "போட்டுடுங்கக்கா. என் விரல் திரும்பி வரப்போறதில்ல. உங்க வேலையாவது நிலைக்கட்டும்."

"உன் விரலுக்கு நீ வேணா விலை பேசு. என் வாய்க்கு நான்தான் பேசணும்."

காலையில் பெரியவள் தாளை மேனேஜரின் மேஜைமேல் வைத்தாள். கையெழுத்து இல்லை.

"வாபஸ்னு சொன்னீங்க. இதுல ரீகேன்ட்னு இருக்கு. ரெண்டும் எனக்கு வேண்டாம் சார். பின்பாட்டுக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க."

"வேலை வேணாமா?"

"வேணும். அதான் வந்திருக்கேன்."

அன்றே மெஷினிலிருந்து எடுத்து அவளைக் குடோன் கூட்டப் போட்டார்கள். கூட்டினாள். அடுத்த விசாரணையில், சொன்னதில் மாற்றம் உண்டா என்று அதிகாரி கேட்டார். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, ஒரு சொல் குறையாமல் முன்பைவிட உரக்கச் சொன்னாள். பசை ஒட்டும் பெண்ணொருத்தி பின்னாலிருந்து எழுந்தாள். "நானும் கேட்டேன் சார்."

வெட்டு மெஷின்களுக்கெல்லாம் மூடி வந்துவிட்டது. பெரியவள் இன்னும் குடோன்தான் கூட்டுகிறாள். மேனேஜர் வரும்போது மட்டும் ஒதுங்கி நிற்பதில்லை.